மாப்பிள்ளைக்கென்று எடுத்த தொப்பி

அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. சட்டம் எதுவும் போடவில்லை. அவர் முகம் அப்படி ஆகிவிடும், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜீவனஹள்ளித் தெருவில் யாரோ ஊசிவெடி நமுத்திருக்கிறதா என்று ஒன்றொன்றாகக் கொளுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பெட்டிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டார். அம்மாவின் சீர்ப் பாத்திரங்களை ஒதுக்கினார். அடியிலிருந்து எதையோ இழுத்தார். நாப்தலின் நெடியோடு வெளியே வந்தது ஒரு பழுப்பு நிறச் சப்பாத்தி.

சப்பாத்தி இல்லை. தொப்பி. அப்பாவின் ஃபெல்ட் தொப்பி.

இரண்டு பித்தளைக் குடங்களும் ஒரு தவலையும் பல வருஷம் அதன் மேல் உட்கார்ந்திருந்தன. மேல்பாகம் உள்ளே போய், விளிம்பு அப்பளம் பொரிந்த மாதிரி நாலு பக்கமும் வளைந்திருந்தது. அதை என் கையில் வைத்தார்.

சின்ன வயதிலிருந்து நான் ஆசைப்பட்ட ஒரே சாமான் அது. கடைசியில் தந்துவிட்டார் என்று நினைத்தேன். "ப்பா..." என்று ஆரம்பித்தேன். குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது.

"உங்க கடையில ஆவி மெஷின் இருக்குல்ல? நல்லா ஆவி காட்டி பழையபடி ஆக்கி வை. தல தீபாவளிக்கு மாப்பிள்ள வர்றாரு. அவருக்குக் குடுக்கணும்."

தழுதழுத்த குரலை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

"யாருக்கு?"

"மாப்பிள்ளைக்குடா. காது என்னாச்சு?"

காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து புகைதான் வந்துகொண்டிருந்தது.

(போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி எழுதும்போது அம்மாவின் குரலை அதனோடு ஒப்பிட்டிருந்தேன். அம்மா படிக்க மாட்டாள் என்ற தைரியம். பக்கத்து வீட்டு அக்கா படித்துக் காட்டிவிட்டாள். அதனால் இந்த வாரம் அம்மாவைப் பற்றி நல்லதாகவே எழுதுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். முடிந்தவரை.)

குடகுக்காரர் தோற்றது

அப்பா கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கர். மார்க்கர் என்றால் மேஜையைத் துடைப்பது, கோலுக்குச் சுண்ணம் தேய்ப்பது, ஆடுகிறவர்களுக்குப் பாயின்ட் சொல்வது. எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "மார்க்கர்ணா" தான்.

மார்க்கர் ஆட முடியாது, ஆட்டத்தைப் பார்க்கத்தான் முடியும். ஆனால் மழை பெய்து கிளப்பில் ஆள் இல்லாத மத்தியானங்களில், தனியாக மாட்டிக்கொண்ட மெம்பர் யாராவது மார்க்கரையே ஆடக் கூப்பிடுவார். அப்படி ஒரு நாள் கூப்பிட்டவர் குடகில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரிய மனிதர். "என்னை ஜெயிச்சா இந்தத் தொப்பி உனக்கு" என்றாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். ஆட்டம் பாதி ஆனபோது சிரிப்பு நின்றுவிட்டதாம்.

ஆனால் மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. தன் தலையிலிருந்து கழற்றி அப்பா தலையில் வைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே காருக்குப் போனாராம்.

கிளப் கேட் தாண்டும்வரை அப்பா அதைத் துணிப்பைக்குள் வைத்திருந்தார். மார்க்கர் தொப்பியோடு கேட்டில் போனால் வாட்ச்மேனுக்கே பொறுக்காது. ரோட்டுக்கு வந்ததும் எடுத்துப் போட்டார். அங்கிருந்து காக்ஸ் டவுன் வழியாக வீடுவரை நடந்தே வந்தார். பஸ்ஸுக்குக் கையில் சில்லறை இருந்தது. பஸ்ஸில் வந்தால் யார் பார்ப்பார்கள்?

இந்தக் கதையை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா என்னிடம் சொன்னதில்லை.

அதற்கப்புறம் சில வருஷம் ஞாயிறு ஆனால் அப்பாவும் தொப்பியும் கிளம்பிவிடுவார்கள். லால்பாக் மலர்க் காட்சியில் எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. அதில் விளிம்பை ஒரு கண் மேல் சாய்த்து விட்டிருப்பார். தெரிந்தவர் எதிரில் வந்தால் இரண்டு விரலால் விளிம்பைத் தொடுவார், எடுக்க மாட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது தொப்பியைப் பார்த்துக்கொண்டே நடந்து, பல தடவை கம்பத்தில் மோதியிருக்கிறேன்.

அடுப்புப் பக்கம் குடம், குடத்து மேல் தொப்பி

நான் மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது ஒரு பெருமழை. அப்பா தொப்பியோடு சேர்ந்து தொப்பலாக நனைந்து வந்தார். அம்மா நல்லது செய்வதாக நினைத்து ஒரு சின்னக் குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தொப்பியை மாட்டி, கரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

காலையில் பார்த்தால் தொப்பி மொறமொறவென்று காய்ந்திருந்தது. அப்பா எடுத்துத் தலையில் வைத்தார். சொம்பின் மேல் மூடி வைத்த மாதிரி உச்சியில் நின்றது. அழுத்திப் பார்த்தார். இறங்கவில்லை.

அப்பா கத்தியிருந்தால் அம்மாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். விஷயம் அன்றே தீர்ந்திருக்கும். அவரோ தொப்பியைக் கழற்றினார். பெட்டியைத் திறந்து உள்ளே போட்டார். அன்றிலிருந்துதான் பெட்டி திறந்தால் யாரும் பேசுவதில்லை.

நான் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் தொல்லை தாங்காமல் சொன்னார்: "பத்தாவது பாஸ் பண்ணு. அது உனக்குத்தான்."

அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

பத்தாவது என்னைப் பாஸ் பண்ண விடவில்லை. கன்னடம்கூட ஓரளவு சிரித்துப் பேசும். கணக்கு என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும். மறுபடி எழுதினேன், மறுபடி சாத்தியது. ரிசல்ட் அன்று அப்பா என் தலையைத் தட்டிப் பார்த்தார், தேங்காய் வாங்குகிறவர் தட்டுகிற மாதிரி.

"இவ்ளோ பெரிய தலைய வச்சிக்கினு என்னடா பிரயோஜனம்? இது எதுக்குடா ஆவும்?"

என் தலை உண்மையிலேயே பெரிது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பூசணி என்று பெயர். ஸ்வெட்டர் போடும்போது கழுத்து வழியாகத் தலை வெளியே வர அம்மாவும் அக்காவும் சேர்ந்து இழுக்க வேண்டும்.

ஆரணியிலிருந்து ஒரு அறிவாளி

கலா அக்காவுக்கு ஆரணியிலிருந்து மாப்பிள்ளை வந்தார். பி.இ. வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் ஆபீஸ் பஸ்ஸே வீட்டு முக்குக்கு வந்து அழைத்துக்கொண்டு போகும். அந்தக் காலத்தில் வைட்ஃபீல்ட் என்றால் எங்கள் பக்கத்தில் அமெரிக்காவுக்கு முந்தின ஸ்டாப் மாதிரி பேசுவார்கள்.

ஆள் நல்லவர். அதுதான் பிரச்சினை. கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் "மச்சான், இது சூப்பர்" என்று சேர்ந்து சிரிப்பார். சிரிக்கிறவனை எப்படிக் கிண்டல் பண்ணுவது? காற்றில் குத்துவிடுகிற மாதிரி இருக்கும்.

அவர் வந்தால் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். எனக்குத் தெரிந்து அப்பா யாருக்கும் எழுந்ததில்லை, மழை ஒழுகினால்கூட நாற்காலியோடு நகர்ந்துகொள்வார். அதுகூடப் பரவாயில்லை. ஒரு சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தேன். அப்பா தரையில் மூன்று எலுமிச்சம்பழத்தை வைத்து, தென்னங்குச்சியால் தட்டி, பந்து எந்தச் சுவரில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று மாப்பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இந்தக் கோணம் பாருங்க மாப்பிள்ள" என்கிறார். மாப்பிள்ளை "சூப்பர் மாமா" என்கிறார்.

எனக்கு அவர் ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட உருட்டிக் காட்டியதில்லை.

அன்று சாப்பாட்டில் அம்மா அந்த எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து சாதம் வைத்தாள். ரொம்ப நன்றாக இருந்தது. (சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன்.) எனக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

பைஜாமா நாடா

நான் வேலை பார்த்தது காக்ஸ் டவுனில் கரீம் பாயின் டிரை கிளீனிங் கடை. திங்கட்கிழமை தொப்பியை அங்கே கொண்டுபோனேன். பாய் அதைக் கையில் வாங்கி, மோந்து பார்த்து, விளிம்பைத் தடவினார்.

"அரே, அசல் மால் ரே! முயல் ரோமம். யார் இதைச் சமைச்சது?"

"எங்கம்மா."

"கம்பளி, ரோமம் எல்லாம் ஜான்வர் மாதிரி, உயிருள்ள மிருகம். பயந்தா சுருங்கிக்கும். சூடு நக்கோ, காட்டவே காட்டாத. ஆவி மட்டும் காட்டு, ஈரமா இருக்கறப்ப மெள்ள இழு, ஒரு அச்சுல மாட்டி அப்படியே காய விடு. எந்த அச்சுல காயுதோ அந்த அளவுதான் நிக்கும். யார் தலைக்கு?"

"அக்கா வீட்டுக்காரருக்கு."

"அப்போ அவர் தலை அளவு எடுத்துட்டு வா."

அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவள், மாப்பிள்ளை ராத்திரி தூங்கும்போது, அவருடைய நீலப் பைஜாமா நாடாவை உருவித் தலையைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு, எங்கள் பக்கம் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். பைஜாமாவுக்கு அப்புறம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

நாடாவை என் தலையில் சுற்றிப் பார்த்தேன். நாலு விரல் கடை எட்டவில்லை.

அந்த நாலு விரல் கடை எனக்குக் கொடுத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பி.இ. படித்த தலை என்னுடையதைவிட நாலு விரல் கடை சின்னது! கடையில் இருந்த கண்ணாடியில் என் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். முதல் தடவையாக அழகாகத் தெரிந்தது.

அப்புறம் தொப்பியை ஆவியில் காட்டினேன். முதலில் நாப்தலின் போயிற்று. அடுத்து கரி அடுப்பு வாசனை வந்தது. அதற்கும் அடியிலிருந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், அப்பாவின் தலையெண்ணெயும் பழைய வேர்வையும் சேர்ந்தது. கையைப் பிடித்துக்கொண்டு கம்பத்தில் மோதிய நாட்களின் வாசனை. இதைக் கொண்டுபோய் ஆரணித் தலையில் வைப்பதா?

உள்ளே நெற்றி படுகிற இடத்தில் ஒரு தோல் பட்டை ஓடும். அதுவும் காய்ந்து சுருங்கி இறுகிப் போயிருந்தது. பின்பக்கம் அதை இணைத்து நூலால் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் இருக்கும்வரை தொப்பி பெரிதாகாது.

மாப்பிள்ளையின் நாடாவை, தையல் பிரிக்காத தொப்பிக்குள் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இழுக்கவே வேண்டாம். நசுங்கியதை நிமிர்த்தினால் போதும், வேலை முடிந்தது.

நாடாவைச் சட்டைப் பையில் போட்டேன். பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தேன்.

குதிரை எங்கே?

அச்சுக்கு நான் எங்கேயும் போகவில்லை. கழுத்துக்கு மேலேயே வைத்திருந்தேன்.

ஆவியில் தளர்ந்த தொப்பியை இரண்டு கையாலும் பிடித்து, காதுக்கு மேல் வரும்வரை இறக்கினேன். சூடான இட்லித் துணியைத் தலையில் கட்டியது போல் இருந்தது. நெற்றியில் தண்ணீர் வழிந்தது. கரீம் பாய் பார்த்துவிட்டு, "இது மாப்பிள்ளை தலையா ரே?" என்றார். "தூரத்துச் சொந்தம் பாய்" என்றேன். அவர் சிரித்துவிட்டு வாடிக்கையாளரின் கோட்டைத் தேய்க்கப் போய்விட்டார்.

மேலே உள்ளங்கை ஓரத்தால் நீளமாக ஒரு பள்ளம் போட்டேன். முன்பக்கம் கட்டைவிரலும் இரண்டு விரலும் வைத்து, கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி கிள்ளினேன். விளிம்பை முன்னால் தாழ்த்தி, பின்னால் தூக்கி விட்டேன். லால்பாக் போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.

அப்படியே தெருவில் இறங்கி நடந்தேன். ஒரு தடவை போட்டால் போதாது. காயக் காய மறுபடி லேசாக ஈரம் காட்டிப் போட வேண்டும். தீபாவளி வரைக்கும் தினமும் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் தொப்பிதான். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த கன்னடப் பையன் ஒருவன், "ஏன் குரு, குதுரெ எல்லி?" என்று கத்தினான். குதிரையை எங்கே கட்டினேன் என்கிறான். "உன் ஆட்டோல பூட்டியிருக்கேன், பாரு" என்றேன்.

வீட்டிலும் போட்டுக்கொண்டே சாப்பிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தலையில்தான்.

"ஈரத்தை மண்டையில வச்சிக்கினு சோறு தின்றியே, சளி புடிக்காது? மூணு நாளா மூக்க உறிஞ்சிக்கினு கீற!"

"அச்சு எடுக்கறேம்மா."

"அச்சு எடுக்கற மூஞ்சியப் பாரு."

அந்த நேரம் அப்பா உள்ளே வந்தார். வாசற்படியிலேயே நின்றார். என்னைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். ஒரு நொடி அவர் கண்ணில் என்னமோ வந்தது. நன்றாக இருக்கிறதென்று சொல்லப்போகிறார் என்று சோற்றுக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அது மாப்பிள்ளையோடது. கழட்டு."

கழற்றினேன். நெற்றியில் தொப்பி பதிந்த கோடு எரிந்தது. வயிறு அதைவிட எரிந்தது.

தட்டில் வைத்த தொப்பி

தீபாவளி அன்று எண்ணெய்க் குளியல் முடிந்து, பலகாரம் தின்று, தெரு முழுக்கப் புகை. அக்காவும் மாப்பிள்ளையும் புதுத் துணியில் நின்றார்கள். அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வேட்டி சட்டை, மோதிரம் எல்லாம் வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே கோபுரம் போலத் தொப்பி. பளபளவென்று பிரஷ் போட்டு நானே வைத்தேன்.

"மாமா, இது எனக்கா?" மாப்பிள்ளைக்கு நிஜமாகவே சந்தோஷம். "சூப்பர் மாமா!"

எடுத்துத் தலையில் வைத்தார்.

தொப்பி இறங்கியது. நெற்றியைத் தாண்டியது. புருவத்தைத் தாண்டியது. மூக்குக்கண்ணாடியின் மேல் வந்து நின்றது. உள்ளேயிருந்து, "மச்சான், கரண்ட் போயிடுச்சா?" என்று குரல் வந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தது நான் மட்டும்தான் என்று கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. அப்பா முகம் செத்துப் போயிருந்தது.

"மாமா, கஷ்டப்படாதீங்க. அதெல்லாம் தலை இருக்கறவங்களுக்கு" என்று நான் கையை நீட்டினேன். அக்கா என் கையை அல்ல, என் பக்கத்தில் இருந்த பட்டாசுக் கட்டைப் பார்த்தாள்.

"டேய். அது என்னது?"

பட்டாசுக் கட்டை ஒரு நீல நாடாவால் கட்டியிருந்தேன். சிதறிவிடக் கூடாதென்று இறுக்கி, முடிச்சுப் போட்டு.

"இது இவரு பைஜாமா நாடாதான! அளவு எடுக்கத்தான அனுப்பினேன்? இதுல ஊசிவெடியா கட்டுவ?"

"இல்லக்கா, வந்து..."

"வயித்தெரிச்சல்டா உனக்கு! பொறந்ததுலருந்து வயித்தெரிச்சல்!"

அம்மா சண்டையை நிறுத்துகிற அவசரத்தில் பழைய பேப்பரை எடுத்து நீளமாக மடித்து, தொப்பியின் தோல் பட்டைக்குள் சுற்றிலும் செருகினாள். மறுபடி மாப்பிள்ளை தலையில் வைத்தாள். இப்போது புருவத்துக்கு மேல் நின்றது. அவர் தலையை ஆட்டினால் உள்ளே சரக் சரக் என்றது.

நின்றுவிட்டது. பேப்பர் வைத்தாவது நின்றுவிட்டது. அவர் இதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸில் ஏறுவார், நான் தும்மிக்கொண்டு இங்கே கோட்டு தேய்ப்பேன். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"சரி சரி, மாமா கால்ல விழுங்க ரெண்டு பேரும்" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் வாங்கியவர் விழ வேண்டும், கொடுத்தவர் ஆசீர்வாதம் பண்ண வேண்டும். மாப்பிள்ளை குனிந்தார். தலை தாழ்ந்ததும் தொப்பி கழன்று, பேப்பர் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கமாக, உருண்டு நேராக அப்பா காலடியில் போய் நின்றது.

அப்பா குனிந்து எடுத்தார். தூசி தட்டினார். மாப்பிள்ளை இன்னும் குனிந்தபடியே இருந்தார். ஆசீர்வாதம் பண்ணக் கை காலியாக இருக்க வேண்டுமே என்று, யோசிக்காமல், தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டு கையையும் தூக்கி, "நல்லா இருங்க" என்றார்.

அப்புறம்தான் அவருக்கே தெரிந்தது.

கை மெதுவாக மேலே போனது. விளிம்பைத் தொட்டார். காதுப் பக்கம் தொட்டார். பின்மண்டையைத் தொட்டார். பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். விளிம்பை ஒரு கண் மேல் சாய்த்தார்.

"சேருதே" என்றார் கண்ணாடியிடம்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். அக்கா பல்லைக் கடித்தாள். தெருவில் ஒரு லட்சுமி வெடி வெடித்தது.

"யார்டா இத பெருசாக்கினது?"

"எல்லாம் உங்க புள்ளதான்" என்றாள் அம்மா. "ஈரத்தொப்பிய மாட்டிக்கினு தெருத் தெருவா சுத்தினான். தும்மித் தும்மியே பெருசாக்கிட்டான்."

அப்பா என்னிடம் வந்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் தலையில் தொப்பியை வைத்தார், எடுத்தார், தன் தலையில் வைத்தார். மறுபடி என் தலையில். கிளப்பில் கோலைக் கையில் எடை பார்ப்பாரே, அந்த மாதிரி.

"ஒரே சைஸு" என்றார். "ஏன்டா, இத முன்னாடியே பண்ணியிருக்கக் கூடாது?"

"நீங்கதான மாப்பிள்ளைக்குன்னீங்க."

"சுருங்கினப்ப எனக்கே ஏறல. உன் மண்டயும் பூசணி, உனக்கு எங்க ஏறப்போவுது? கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பேட்டா தலப்பா கட்டினப்ப அது வழிஞ்சி கண்ணை மறைச்சுது, பாத்தேன். சின்னத் தலை. அவருக்காவது சேரட்டும், பெட்டியில கிடந்து பூச்சி அரிக்காம இருக்கட்டும்னுதான்டா சொன்னேன்."

இதற்காகவா நான் இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்? படிப்புக்காகவும் இல்லை, வைட்ஃபீல்டுக்காகவும் இல்லை. தலை சின்னது. அவ்வளவுதான் விஷயம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஜலதோஷமாவது மிச்சமாகியிருக்கும்.

அதற்குள் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. தல தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குக் கொடுத்த சாமானை மாமனார் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஆரணிக்குச் செய்தி போனால் என்ன ஆகும்? "ஏங்க, குடுத்தத திருப்பி வாங்கிக்கலாமா? கழட்டிக் குடுங்க" என்று கிசுகிசுத்தாள்.

அப்பா கையை விளிம்புக்குக் கொண்டுபோனார். அங்கேயே வைத்திருந்தார். எடுக்க முடியவில்லை அவரால். அந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். கடைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளைதான் பேசினார். "அத்தை, விடுங்க. என் தலையில இருந்தா நான் பாக்க முடியாது. மாமா தலையில இருந்தா நானும் பாக்கலாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள். அப்பா அவர் தோளைத் தட்டினார். தொப்பியைப் பெரிதாக்கியது நான், சளி பிடித்தது எனக்கு, நல்ல பேர் மட்டும் அவருக்கு. பாருங்கள் நியாயத்தை.

"பால் வாங்கிட்டு வரேன்" என்று அப்பா கிளம்பினார். பால் காலையிலேயே வாங்கியாயிற்று.

நானும் மாப்பிள்ளையும் வாசலில் நின்று பார்த்தோம். பட்டாசுக் காகிதங்களை மிதித்துக்கொண்டு அப்பா தெரு நடுவில் நடந்தார். எதிரில் வந்தவர், "என்ன மார்க்கர்ணா, பழைய ஜோரு!" என்றார். இரண்டு விரலால் விளிம்பைத் தொட்டார் அப்பா. எடுக்கவில்லை.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "எனக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

"மூக்கு வரைக்கும் ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா."

அவர் சிரிக்கவில்லை. முதல் தடவையாக என் கிண்டலுக்கு அவர் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். தெரு முனையில் தொப்பி திரும்பி மறைகிறவரை அவர் கண் அதன் மேலேயே இருந்தது. எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துப் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில்

ஒரு தடவை சுருங்கின ரோமம் மறுபடி சுருங்கத்தான் பார்க்கும். கரீம் பாய் சொன்ன மாதிரி அது ஜான்வர், பழக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலம் வந்தால் இன்னும் மோசம். அவ்வப்போது ஆவி காட்டி, ஈரத்தோடு ஒரு தலையில் மாட்டிக் காய வைத்தால்தான் அளவு நிற்கும்.

அப்பாவுக்கு இப்போது ஈரம் ஆகாது. உடனே மார்ச்சளி கட்டிக்கொள்ளும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா இட்லிப் பானையை இறக்கினதும் அப்பா தொப்பியை ஆவியில் காட்டுவார். மாப்பிள்ளை வந்திருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தலையை நிமிர்த்தித் தொப்பியைப் பார்ப்பார். அப்பா அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். பி.இ. படித்த தலை சும்மா கிடக்கும்.

நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். எழுந்திருக்க மாட்டேன். கூப்பிடட்டும் என்று காத்திருப்பேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவார்:

"டேய் பாபு! தலையக் கொண்டாடா!"